சீவாளியைப் பற்றிக் கேளுங்கள்

நம் பக்கத்து வித்வான்களோடு நேரில் பேசிய அனுபவம் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள். கச்சேரி விமர்சனம் வேண்டாம். தங்கள் வாத்தியத்தைப் பற்றி, பாட்டைப் பற்றி அவர்கள் வாயால் என்ன சொன்னார்கள் என்பதுதான் வேண்டும். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன். எனக்கு ஊர் குத்தாலம்.

என் தங்கை கல்யாணம். முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. மேளக்காரர்களுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. நாலரை மணிக்குப் போனபோது மண்டபத் திண்ணையில் நாயனக்காரர், அதாவது நாகஸ்வரம் வாசிப்பவர், மட்டும் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பக்கத்தில் வெற்றிலைச் செல்லம் மாதிரி ஒரு சின்னப் பெட்டி, அதில் ஏழெட்டு சீவாளி, நாயனத்தின் முனையில் செருகி ஊதுகிற நாக்கு. ஒன்றை எடுத்து வாயில் ஊறவைப்பார். நாயனத்தில் செருகாமல் சீவாளியை மட்டும் ஊதிப் பார்ப்பார். தந்தக் குச்சியை உள்ளே விட்டு லேசாக நெம்பி மறுபடி ஊதுவார். பிடிக்கவில்லையென்றால் ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்தது.

"ஐயா, இன்னைக்கு என்ன ராகம் வாசிக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"பாக்கலாம் தம்பி" என்றார். அவ்வளவுதான்.

சரி, பேச விருப்பமில்லை போலிருக்கிறது என்று கிளம்பினேன். போகிற போக்கில் "எதுக்குங்கய்யா இத்தனை சீவாளி?" என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் அரை மணி நேரம் அவர்தான் பேசினார்.

ஆற்றங்கரையில் வளரும் ஒரு வகை நாணல் தட்டையில் செய்கிறார்கள் அதை. வெட்டி, நாள்பட உலர்த்தி, நெல் அவிக்கும்போது கூடவே போட்டு வேகவைத்து, மறுபடி காயவைத்து, அப்புறம்தான் நறுக்கிக் கட்டுவார்கள். திருவாவடுதுறையில் இதைப் பரம்பரையாகச் செய்யும் குடும்பங்கள் உண்டு. வாங்கியவுடன் மேடைக்குக் கொண்டுபோக முடியாது, வீட்டில் வைத்து நாள்கணக்கில் பழக்க வேண்டும். தடிமனாக இருந்தால் நாதம் கனமாக வரும், ஆனால் மூச்சை உறிஞ்சிவிடும். மெல்லியது பிருகாவுக்கு, அதாவது வேகமாக உருளும் சுர வரிசைகளுக்கு, சொன்னபடி கேட்கும், கொஞ்சம் அழுத்தினால் இரைச்சல்.

"காலையில பௌளிக்கு நல்லா ஒத்துழைக்கிறது ராத்திரி தோடிக்கு முரண்டு பிடிக்கும். மார்கழிப் பனியில சாமி பொறப்பாட்டுக்கு மல்லாரி வாசிச்சா ஊறிக் கனத்துப்போவும். இந்த ஏசி மண்டபத்துல அஞ்சு நிமிஷம் வாயை எடுத்தா காஞ்சுபோவும். அதான் இத்தனை."

தோடி ராகம் என்றதும் பேச்சு அதற்குப் பேர்போன நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் போனது. போகாமல் இருக்குமா? பழைய திமிரி நாயனம் குட்டை, சுருதி அதிகம். அதில் சுத்த மத்யமம், அதாவது 'ம' சுரத்தின் தாழ்ந்த வகை, தானாக விழாது, காற்றை அடக்கி உதட்டால் இறக்கித்தான் வாங்க வேண்டும். பிள்ளைவாளுக்கு அது போதவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி 1950களில் அவருக்காக நீளமான பாரி நாயனத்தைச் செய்து கொடுத்தார். இரண்டு, இரண்டரைக் கட்டை என்கிற தாழ்ந்த சுருதியில் சுத்த மத்யமம் சுத்தமாக நின்றது. இன்றைக்கு நாம் கேட்கிற நாயனத்தின் குரலே அந்தப் பட்டறையிலிருந்து வந்ததுதான். பெரியவர் தன் நாயனத்தைத் திருப்பிக் காட்டினார். ஏழு துளைகள் விரலுக்கு. மற்ற ஐந்தும் சுருதியைச் சரிசெய்ய, அவற்றில் சிலதில் மெழுகு அடைத்திருந்தது. இருபது வருடமாக நாயனம் கேட்கிறேன், அந்த ஐந்து துளைகளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முகூர்த்தம் முடிந்து தோடி ஆலாபனை ஆரம்பித்தார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, மேடையில் அறிவிப்பு செய்ய வேண்டும், மேளத்தை நிறுத்துங்கள் என்று எங்கள் உறவுக்காரர் ஒருவரே கையைக் காட்டினார். பெரியவர் அழகாக சட்ஜத்தில், ஆதாரமான 'ச'வில், வந்து முடித்தார். சீவாளியைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினார். விடியற்காலையில் அந்த ஒரு சீவாளியைத் தேர்ந்தெடுக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். எழுந்துபோய்த் தடுத்திருக்க வேண்டும். செய்யவில்லை. இப்போதும் அது உறுத்துகிறது.

இரண்டு மாதம் கழித்து நரசிங்கம்பேட்டைக்குப் போனேன். ஆச்சா மரம் வேண்டும், அதுவும் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற தூணும் உத்தரமுமாக, பல பத்து வருடம் காற்றில் காய்ந்ததாக இருக்க வேண்டும் என்றார் இப்போது அங்கே நாயனம் செய்யும் ஓர் ஆசாரி. பச்சை மரம் பின்னால் வெடிக்கும், சுருதி நிற்காது. 2022ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பற்றிக் கேட்டேன், சந்தோஷம்தான் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு மறுபடி மரம் கிடைக்காத கதைக்கே வந்துவிட்டார்.

நீடாமங்கலத்திலிருந்து ஒரு பதில்:

அண்ணா, நாயனத்தைச் சொல்லிவிட்டீர்கள், தவிலை விட்டால் எப்படி? தவில் மேதை மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் ஊர்க்காரன் நான், சும்மா இருக்க முடியாது.

எங்கள் தெருவில் ஒரு தவில் வித்வான் இருந்தார். மாமா என்றுதான் கூப்பிடுவோம். வலது கை விரல்களுக்குப் போடும் கூட்டை அவரே செய்வார். துணியைப் பசையில் தோய்த்து விரல் அளவுக்குச் சுற்றிச் சுற்றிக் காயவைப்பார். காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். கூடு போட்டுக்கொண்டால் விரலுக்குத் தோல் தட்டுப்படாதே, எப்படி மாமா தெரியும் என்று ஒருநாள் கேட்டேன். மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். "எல்லாம் இங்கேதான் தெரியும். விரல் வெறும் சுத்தியல்."

இடது கைக்குப் பூவரசங்கழி. தவில் கட்டை பலா. அவர் சின்ன வயதில் மூங்கில் வளையமும் தோல் வாரும்தான். மழைக்காலத்தில் வார் தளர்ந்துபோனால் இழுத்துக் கட்டவே ஒரு ஆள் பலம் வேண்டும் என்பார். இப்போது இரும்பு வளையம், போல்ட்டு. நிமிஷத்தில் முறுக்கிவிடலாம். சௌகரியம்தான் என்று ஒத்துக்கொள்வார். ஆனால் வலந்தலை, அதாவது வலது பக்கத் தோல், இப்போது ரொம்ப இறுகிக் கத்துகிறது, நாயனத்தின் மேல் ஏறி உட்காருகிறது என்று வருத்தப்படுவார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கோயில் வீதியில் கேட்கும்போது தெரியாது, நாலு சுவருக்குள் மைக் வைத்துக் கேட்டால் தெரியும்.

அவர் தன் பையனைத் தவிலைத் தொடவே விடவில்லை. முதலில் 'தா தீ தொம் நம்' வாயால் சொல்ல வேண்டும். பிறகு பலகையில் தட்ட வேண்டும். விடியற்காலையில் அந்தப் பலகைச் சத்தத்தில்தான் எங்கள் தெருவே எழுந்திருக்கும். ஒருவரும் குறை சொன்னதில்லை.

திருவையாற்றிலிருந்து இன்னொரு பதில்:

நான் வாய்ப்பாட்டு கற்றவள், அதனால் மரமும் தோலும் எனக்குத் தெரியாது. ஆனால் என் குருவிடமும் இதே கதைதான். பெரிய விஷயமாகக் கேட்டால் பதிலே வராது. மாமி என்றுதான் கூப்பிடுவேன். பக்தி என்றால் என்ன மாமி என்று கேட்டேன், "அந்த ரிஷபத்தை ஒழுங்காப் பாடு" என்றார். கௌளை ராகத்தின் ரிஷபம், அதாவது 'ரி' சுரம், அது. அந்த ஒரு சுரத்துக்காக மூன்று நாள் என்னை உட்காரவைத்தார்.

பாட்டு எழுதியவர்கள் எப்படிப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று கேட்டபோது மாமி சொன்னது நந்தனார் சரித்திரக் கீர்த்தனை செய்த கோபாலகிருஷ்ண பாரதியார் இங்கே தியாகராஜரைப் பார்க்க வந்த கதை. தியாகராஜரின் சீடர்கள் ஆபோகி ராகத்தில் அவருடைய தெலுங்குக் கீர்த்தனை ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார்களாம். நீங்கள் ஆபோகியில் ஏதாவது செய்திருக்கிறீர்களா என்று தியாகராஜர் கேட்டாராம். பாரதியார் அப்போது ஒன்றும் சொல்லாமல், மறுநாள் 'சபாபதிக்கு வேறு தெய்வம்' என்ற பாட்டோடு வந்து நின்றாராம். தெலுங்குக்குத் தமிழில் பதில். அதற்குமேல் அவர்களுக்குள் என்ன பேச்சு வேண்டும் என்பார் மாமி.

தியாகராஜரின் ஐந்து பெரிய கீர்த்தனைகளான பஞ்சரத்தினத்தில் நாட்டை, கௌளை, ஆரபி, ஸ்ரீ ராகங்களில் உள்ள நான்கையும் எதிரே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். வராளியை மட்டும் கொடுக்கவில்லை. வராளியை நேரடியாகச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யைக்கும் பிரிவு வரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு, மாமி அதை அப்படியே நம்பினார். "கேட்டுத் தெரிஞ்சுக்கோ" என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்போது கோபம்கூட வந்தது.

அந்த வருஷம் தியாகராஜர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமிக்கு இரண்டு பேரும் ஆராதனைப் பந்தலுக்குப் போனோம். போகும்போதே பெங்களூர் நாகரத்தினம்மாள் சிலைக்கு முன்னால் மாமி கும்பிட்டு நின்றார். பெண்கள் அங்கே உட்கார்ந்து பாடவே ஒரு காலத்தில் அனுமதி இல்லை, தியாகராஜர் சமாதியைக் கட்டியதும் அந்த வழக்கத்தை எதிர்த்து நின்றதும் அந்த அம்மாள்தான். அப்புறம் பெண்கள் வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். புல்லாங்குழலில் பைரவி முடிந்தது, நாட்டை ஆரம்பித்தது. கௌளை வந்தபோது மாமி என் ரிஷபத்தைக் காது கொடுத்துக் கேட்டது எனக்குத் தெரிந்தது.

நான்காவதாக வராளி, 'கனகனருசிரா'. எனக்குப் பாடத் தெரியாது, வாயை மூடிக்கொண்டேன். மாமி என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் முதல் மூன்றையும் முணுமுணுப்பாகப் பாடியவர், அதை மட்டும் ஒவ்வொரு சரணமாக உரக்க, நிறுத்தி, என் காதுக்கு எட்டும்படி பாடினார்.