அவசரம்: ஹெர்ட்மேனியாவில் ஸ்பிக்யூலே இல்லை! பெயர் பல்லிடாவா, மோமஸா?

முத்துநகர்_எம்எஸ்ஸி:
வணக்கம். ப்ராஜெக்ட்டுக்கு அசிடியன் (ஒட்டி வாழும் பை போன்ற கடல் பிராணி) எடுத்திருக்கிறேன். ஹெர்ட்மேனியா பல்லிடா என்று எழுதி வைத்திருந்தேன், கைடு அதை அடித்துவிட்டு மோமஸ் என்று எழுதிவிட்டார், ஏன் என்று கேட்டால் இப்போது அப்படித்தான் போடுகிறார்கள் என்கிறார். வைவாவுக்கு வருகிறவர் முதலில் ஸ்பிக்யூல் (உடம்புக்குள் இருக்கும் நுண்ணிய முள்) ஸ்லைடைத்தான் கேட்பாராம். மேன்டிலை, அதாவது மேல்தோலுக்கு உள்ளே இருக்கும் உடல் சுவரைப் பிய்த்து ஸ்லைடு போட்டுப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. புத்தகத்தில் மேன்டில் முழுக்க இருக்கும் என்று படமே போட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் சப்மிஷன். எது சரியான பெயர், யாராவது சீக்கிரம் சொல்லுங்கள் ப்ளீஸ்.

மரைன்_மதி:
எங்கே எடுத்தது? ஜெட்டித் தூணிலா, படகின் அடியிலா, வலையில் வந்ததா? உயிரோடு இருந்தபோது சைபன் (தண்ணீர் போய்வரும் குழாய்) ஓரம் என்ன நிறம்? எதில் போட்டு வைத்திருக்கிறீர்கள்? ஒரு படமாவது போட்டால்தானே சொல்ல முடியும்.

உப்புக்காற்று:
ஸ்பிக்யூல், கில் மடிப்பு எல்லாம் பார்த்துப் பெயர் வைக்கிற காலம் போய்விட்டது தோழர். ஒரு துண்டு வெட்டி சிஓஐ (இனத்தை அடையாளம் காட்டும் டிஎன்ஏ பகுதி) சீக்வென்ஸ் பண்ணக் கொடுங்கள். சியோனா என்ற அசிடியன் கதை தெரியுமா? 2002-ல் ஜீனோமே வெளியிட்டார்கள், சியோனா இண்டெஸ்டினாலிஸ் என்ற பெயரில். அந்தப் பெயருக்குள் இரண்டு இனம் ஒளிந்திருக்கிறது என்று டிஎன்ஏதான் முதலில் காட்டியது, டைப் ஏ, டைப் பி என்று பல வருஷம் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2015-ல்தான் புருனெட்டி குழு, டைப் ஏ என்பது ஜப்பானில் 1967-லேயே பெயர் வைத்த சியோனா ரோபஸ்டா என்று உறுதி செய்தது. அதாவது ஜீனோம் எடுத்த பிராணிக்கே பெயர் மாறிவிட்டது. டிஎன்ஏ இல்லாமல் பெயர் எழுதுவது ஜோசியம்.

பழைய_டெமான்ஸ்ட்ரேட்டர்:
உப்புக்காற்று பாதிதான் சொன்னார். அந்த 2015 கட்டுரை டைப் ஏ-வையும் பி-யையும் பிரித்துக் காட்டியது உடம்பை வைத்து. ரோபஸ்டாவின் மேல்தோலில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், இண்டெஸ்டினாலிஸில் இருக்காது. கண்ணால் பார்க்கிறவர்கள் இல்லாவிட்டால் டைப் ஏ இன்றைக்கும் டைப் ஏ-யாகவே இருந்திருக்கும்.

கடலாடி:
இந்தக் கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது. தேடிப் பார்க்கிற பழக்கமே யாருக்கும் இல்லை. தம்பி, அசிடியன் என்பதற்கும் ஹெர்ட்மேனியா என்பதற்கும் நடுவில் ஒரு குடும்பம், பல பேரினங்கள் இருக்கின்றன. அது ஹெர்ட்மேனியாதான் என்று உங்களுக்கு யார் சொன்னது? பாட்டிலில் ஒட்டியிருந்த லேபிளா? சைபனுக்குள் இருக்கும் டென்டக்கிள் கிளை விட்டிருக்கிறதா, கில் மடிப்பு எத்தனை என்று எண்ணாமல் பல்லிடாவா மோமஸா என்று சண்டை போடுவதில் என்ன பயன்? அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

மரைன்_மதி:
கடலாடி சார், பையன் அடுத்த வாரம் சப்மிஷன் என்கிறான். படித்துவிட்டு வா என்றால் எப்போது வருவான்?

முத்துநகர்_எம்எஸ்ஸி:
நான் எடுத்ததில்லை மேடம், டிபார்ட்மென்ட் லேபில் இருந்த ஜாடி. துறைமுகம் என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஃபார்மலின். நிறம் வெளுத்துப்போய் இருக்கிறது. டென்டக்கிள் கிளை உண்டு.

மரைன்_மதி:
ஃபார்மலின்! இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாமே. எத்தனை வருஷமாக இருக்கிறது? அமிலத்தைத் தணிக்கும் போராக்ஸ் போட்ட ஃபார்மலினா, வெறும் ஃபார்மலினா? ஜாடியில் பிஹெச் பேப்பரை நனைத்துப் பாருங்கள், சிவந்தால் அமிலம்.

ஹெர்ட்மேனியாவின் ஸ்பிக்யூல் கால்சியம் கார்பனேட். அதிலும் வேட்டரைட் என்ற வகை, கால்சைட், அரகோனைட் இரண்டையும்விட நிலையில்லாதது, எளிதில் கரையும். உயிருள்ள ஒரு பிராணியின் உடம்பில் வேட்டரைட் இருக்கிறது என்று 1975-ல் லோவன்ஸ்டாமும் ஆபட்டும் எழுதியது இதே ஹெர்ட்மேனியா மோமஸை வைத்துத்தான். போராக்ஸ் போடாத ஃபார்மலின் நாளாக நாளாக ஃபார்மிக் அமிலமாகிவிடும். ஜாடிக்குள் உட்கார்ந்தபடியே ஸ்பிக்யூல் எல்லாம் கரைந்துபோயிருக்கும், ஸ்லைடில் எங்கே தேடுவீர்கள்? போவின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம், அதில் அசிட்டிக் அமிலமே சேர்க்கிறோம்.

உப்புக்காற்று சொன்ன சீக்வென்ஸும் பழைய ஃபார்மலின் துண்டில் சுலபத்தில் வராது, காசைக் கரியாக்காதீர்கள்.

உப்புக்காற்று:
ஃபார்மலின் என்று தெரிந்திருந்தால் நானே சொல்லியிருக்க மாட்டேன். புது ஸ்பெசிமனை 95 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள், ஓடும். ஒன்று மட்டும், சாதாரண போல்மர் பிரைமர் (டிஎன்ஏவைப் பெருக்கத் தொடங்கி வைக்கும் துண்டு) அசிடியனில் பல நேரம் காலை வாரிவிடும், அசிடியனுக்கென்றே செய்த பிரைமர் கேளுங்கள்.

வேம்பாற்றுக்காரன்:
எங்கள் பக்கம் சங்கு குளிக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். உயிர்ச் சங்கின் முதுகில் ஒட்டிக்கொண்டு வரும், அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும், சுரண்டி எறிந்துவிடுவோம். புதிதாக எடுத்ததைக் கீறி உள்ளே விரலை விட்டுத் தேய்த்தால் மணலைத் தொட்ட மாதிரி நறநறவென்று இருக்கும், சில சமயம் ஊசி ஏறிவிடும். அதுதான் நீங்கள் தேடுகிற முள். இந்தப் பிராணிக்கு ஹெர்ட்மேனியா என்று பெயர் வந்ததே மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி ஆராய வந்த ஹெர்ட்மன் துரை இங்கே கண்டுபிடித்ததால்தான்.

கடலாடி:
தவறு. இதைப் பல ஆசிரியர்களே வகுப்பில் சொல்கிறார்கள். லாஹில் என்ற பிரெஞ்சுக்காரர் ஹெர்ட்மேனியா என்று பெயர் வைத்தது 1888-ல். ஹெர்ட்மன் முத்துச்சிப்பிப் படுகைகளைப் பார்க்க இலங்கைக்கு வந்தது 1902-ல். அதற்கு முன்பே அவர் சாலஞ்சர் ஆய்வுக் கப்பல் கொண்டுவந்த டியூனிகேட்டுகளை, அதாவது அசிடியன் உள்ளிட்ட கூட்டத்தைப் பற்றி எழுதிப் பெயர் பெற்றவர். வேடிக்கை என்னவென்றால், 1906-ல் முத்துச்சிப்பி அறிக்கையின் கடைசிப் பகுதியில் இந்தக் கடல் அசிடியன்களைப் பற்றி அவர் எழுதியபோது தன் பெயர் தாங்கிய பேரினத்தை விட்டுவிட்டு ராப்டோசிந்தியா என்றுதான் எழுதினார்.

வேம்பாற்றுக்காரன்:
வருஷம் நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம் சார். ஆனால் எங்கள் கடலை வைத்துத்தான் ஐந்து பாகம் அறிக்கை போட்டார்கள், அதில் இறங்கிச் சிப்பி எடுத்துக் கொடுத்தவன் பெயர் எந்தப் பிராணிக்கும் வைக்கவில்லை.

எண்ணூர்_ஆல்பட்:
அப்படிப் பார்த்தால் எங்கள் ஊர் பெயரே இருக்கிறது. நான் காலேஜில் படித்த புத்தகத்தில் இந்தியக் கடலில் நாலு ஹெர்ட்மேனியா என்று போட்டிருக்கும்: பல்லிடா, சிலோனிக்கா, மொரீஷியானா, அப்புறம் என்னூரென்ஸிஸ். எண்ணூர் கடலைப் பார்க்கிற இன்றைய நிலைமையில் அங்கே ஏதாவது ஒட்டியிருந்தால் அதற்கே விருது கொடுக்கலாம்.

கடலாடி:
புத்தகத்தில் இருக்கும், ஆமாம். ஒவ்வொரு பதிப்பும் முந்தைய பதிப்பைப் பார்த்து எழுதியது. 1936-ல் லக்னோவிலிருந்து எஸ்.எம். தாஸ் எழுதிய ஹெர்ட்மேனியா மெமாயர் அருமையான வேலை, இந்தியா முழுக்க மாணவர்கள் கீறிப் பார்த்தது அதை வைத்துத்தான். அதற்குப் பிறகு எண்பது, தொண்ணூறு வருஷமாக எதுவுமே நடக்காத மாதிரி பாடம் எடுப்பதுதான் பிரச்சினை.

எண்ணூர்_ஆல்பட்:
பாடம் எடுக்கிறவர்கள் சம்பளத்தையும் ஜர்னல் கட்டணத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசுங்கள் சார். மூவாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு கட்டுரை வாங்கவா?

கடலாடி:
நூலகத்துக்கு எழுதிக் கேட்டால் அனுப்புவார்கள். கேட்பதில்லை.

மரைன்_மதி:
இழை எங்கேயோ போகிறது. பெயர் விஷயத்துக்கு வருகிறேன்.

மோமஸ் என்பது சவிஞி 1816-ல் வைத்தது. பல்லிடா, ஹெல்லர் 1878-ல் வைத்தது. இரண்டும் ஒரே இனம் என்று ஒருவர் முடிவு செய்தால் முந்தியது நிற்கும், மோமஸ்தான் எழுத வேண்டும், பல்லிடா அதன் மறுபெயராகிவிடும். இரண்டும் வேறு வேறு என்றால் இரண்டு பெயருமே செல்லும். அதனால் பழைய பெயர் பல்லிடா, புதுப் பெயர் மோமஸ் என்று வைவாவில் சொல்லிவிடாதீர்கள். ரொம்ப நாள் பலர் எல்லாவற்றையும் மோமஸுக்குள் போட்டு, வேறுபாடுகளை அதன் வடிவங்கள் என்று எழுதினார்கள். 1995-ல் டெக்னனும் லாவினும் ஆஸ்திரேலியாவில் அப்படி இரண்டு வடிவங்களை எடுத்து டிஎன்ஏ பார்த்தபோது அவற்றுக்குள் கலப்பே இல்லை என்று வந்தது. பிறகு 2002-ல் பட்ரிசியா காட் ஆஸ்திரேலிய ஹெர்ட்மேனியாக்களை மறுபடி பிரித்து எழுதினார், அதில் மோமஸ் தனி, பல்லிடா தனி. உங்கள் கைடு எதைப் பின்பற்றுகிறார் என்று கேட்டு, அந்தக் கட்டுரையின் பெயரைத் தீசிஸில் போடுங்கள். இப்போது அப்படித்தான் போடுகிறார்கள் என்பது காரணமாகாது.

உப்புக்காற்று:
இந்தியக் கரையில் இருப்பது எது என்று முடிவு செய்ய டிஎன்ஏ வேண்டும் என்று நான் சொன்னது இதற்குத்தான்.

மரைன்_மதி:
ஜீன்பேங்க் என்ற டிஎன்ஏ தரவுத்தளத்தில் மோமஸ் என்று போட்டிருப்பதை யார், எதை வைத்து அடையாளம் கண்டார்கள் என்று பார்த்தீர்களா? தப்பான லேபிளோடு ஒப்பிட்டால் தப்பான பெயர்தான் நூற்றுக்கு நூறு பொருந்தி வரும்.

பழைய_டெமான்ஸ்ட்ரேட்டர்:
இரண்டு பேரும் சரி, சண்டை வேண்டாம். தம்பி, கையில் இருக்கிற ஜாடி ஸ்பெசிமனை வைத்து என்ன பண்ணலாம் என்று சொல்கிறேன். ஸ்பிக்யூல் கரைந்திருந்தாலும் மற்ற உறுப்பு கரையாது. துறைமுகம் என்பதால் மைக்ரோகாஸ்மஸ் என்ற வேறு அசிடியனாகவும் இருக்கலாம், அதற்கும் டென்டக்கிள் கிளை விட்டிருக்கும், வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே அழுக்கு உருண்டை. கில் பையைத் திறந்து, அதன் முதுகுப் பக்கம் நீளமாக ஓடும் டார்சல் லேமினாவைப் பாருங்கள். விளிம்பு ஒரே சவ்வாக ஓடினால் மைக்ரோகாஸ்மஸ். நாக்கு நாக்காகத் தனித்தனியே தொங்கினால் ஹெர்ட்மேனியா. அப்புறம் இடப்பக்க கோனாட் (இனப்பெருக்க உறுப்பு): குடல் வளைவுக்குள்ளேயே அடங்கியிருந்தால் ஹெர்ட்மேனியா, குடலைக் குறுக்கே தாண்டிப் போனால் மைக்ரோகாஸ்மஸ்.

ஸ்லைடு வேண்டுமென்றால் புதிதாக ஒன்று பிடியுங்கள். கரையேற்றிய வள்ளத்தின் அடியில் தேடினால் கிடைக்கும். அப்படியே ஆல்கஹாலில் முக்கினால் சுருங்கிக் கல்லாகிவிடும், எதையும் எண்ண முடியாது. கடல் தண்ணீரோடு ஒரு கிண்ணத்தில் வைத்து மேலே மெந்தால் துண்டுகளைத் தூவி மூடிவிடுங்கள். சைபனைக் குச்சியால் தொட்டாலும் மூடாத வரை காத்திருங்கள். பிறகு மேன்டிலில் நகக்கண் அளவு வெட்டி, வாட்ச் கிளாஸில் வீட்டு ப்ளீச் ரெண்டு சொட்டு. சதை கரையும், ஸ்பிக்யூல் நிற்கும், ப்ளீச் காரம் என்பதால் அதை ஒன்றும் செய்யாது. நல்ல தண்ணீரில் அலசிப் பாருங்கள். ஒரு ஓரத்தில் நீர்த்த ஆசிட் ஒரு சொட்டு வைத்தால் குமிழ் விட்டுக் காணாமல் போகும், வைவாவுக்கு வருகிற எக்ஸ்டர்னலுக்கு அதையும் செய்து காட்டலாம்.

திருச்செந்தூர்_கனி:
இடையில் ஒரு சின்ன சந்தேகம். சவிஞி, 1816 என்பதை ஏன் அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள்? எங்கள் மேடம் அது வெறும் ஸ்டைல் என்றார்.

கடலாடி:
ஸ்டைல் இல்லை. பெயர் வைத்தவர் முதலில் வேறு பேரினத்தில் வைத்திருந்தால்தான் அடைப்புக்குறி. சவிஞி இதை சிந்தியா மோமஸ் என்று வைத்தார். சிந்தியா என்ற பேரினப் பெயரை ஃபாப்ரிசியஸ் 1807-லேயே வண்ணத்துப்பூச்சிக்குக் கொடுத்துவிட்டார், அதனால் அசிடியனுக்கு அது செல்லாது. லாஹில், 1888 என்று பேரினத்துக்கு எழுதும்போது அடைப்புக்குறி வராது. இந்த ஒரு விஷயத்தில் எத்தனை தீசிஸ் திருத்தியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

திருச்செந்தூர்_கனி:
நன்றி சார். இதையே இவ்வளவு கோபப்படாமலும் சொல்லலாம் போல.

முத்துநகர்_எம்எஸ்ஸி:
பிஹெச் பேப்பர் நன்றாகச் சிவந்துவிட்டது. ஜாடியில் இருப்பதில் நாக்கு நாக்காக இருக்கிறது. வள்ளத்தின் அடியிலிருந்து ஒன்று கிடைத்தது, சைபன் ஓரம் சிவப்பு, ப்ளீச் போட்டதும் ஊசி ஊசியாக வந்துவிட்டது, ஒவ்வொன்றிலும் வளையம் வளையமாகக் குட்டி முள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து. கைடு இப்போதைக்கு ஹெர்ட்மேனியா எஸ்பி. (எந்த இனம் என்று உறுதியாகவில்லை) என்று போடச் சொல்லிவிட்டார். எல்லோருக்கும் நன்றி, டைப்பிங் இருக்கிறது, வருகிறேன்.

மரைன்_மதி:
நல்லது. எந்த இடம், எந்த நாள், எதில் வைத்தீர்கள் என்று பென்சிலால் எழுதி ஜாடிக்குள்ளேயே போடுங்கள், பேனா ஆல்கஹாலில் அழிந்துவிடும். ஸ்பிக்யூல் படத்தை ஸ்கேல் பாரோடு இங்கே போட முடியுமா? சைபன் உள்பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

உப்புக்காற்று:
ஒரு துண்டு தனியாக ஆல்கஹாலில் எடுத்து வைத்தீர்களா இல்லையா?

எண்ணூர்_ஆல்பட்:
ஆள் போயாச்சு.