மஞ்சக்குட்டை சொந்தங்கள் குழு: டிரைலர் டிராபார்ல விரிசல்

காலை 6:48

பாஸ்கர் சித்தப்பா: இனிய காலை வணக்கம் 🌹🌹

பிரபு: (3 படங்கள்)

பிரபு: துரை மாமா, இந்தப் படத்தைக் கொஞ்சம் பாருங்க. நம்ம தோட்டத்து டிராக்டர் டிரைலர்ல, டிராபார் (டிராக்டரோட மாட்டுற இழுவைக் கம்பி) சேசிஸோட, அதாவது அடிச்சட்டத்தோட, சேர்ற இடத்துல கீழ்ப்பக்கம் விரிசல். மூட்டை ஏத்தினா வாய் திறக்குது, இறக்கினா மூடிக்குது. இங்கேயே ஆள் கூப்பிட்டு ஒரு வெல்டு இழுத்துடலாங்களா?

துரை மாமா: மேலாப்புல பத்தவச்சா நிக்காது மாப்ளே. ரெண்டாவது படத்தைப் பெருசு பண்ணு. விரிசல் வாய்க்குள்ள கீழ்ப்பாதி கருஞ்சிவப்பா துரு ஏறிக் கிடக்கு. மேல ஒரு இன்ச் மட்டும் வெள்ளையா மின்னுது. துரு ஏறினது பழசு, மின்னுறது இப்போ விட்டது. அது நடந்துக்கிட்டே இருக்கு.

கதிர்: வெல்டு எங்க முடியுதுன்னும் பாரு மச்சான். குறுக்குச் சேனலை ('ப' வடிவ இரும்பு) டிராபாரோட கீழ்த்தகட்டுல விளிம்பு டு விளிம்பு குறுக்க பத்தவச்சிருக்காங்க. விரிசல் அந்த வெல்டு முனையிலதான் ஆரம்பிச்சிருக்கு. டிராபார் டிராக்டர் ஹிட்ச் (டிரைலரை மாட்டுற கொக்கி) மேல உக்காருது, ஹிட்ச் அதை மேல தாங்குது, அப்போ கீழ்த்தகடு இழுபடும். இழுபடுற தகட்டுல குறுக்க வெல்டு போடவே கூடாது. நீளவாக்குல போட்டு, விளிம்புக்கு ஒரு இன்ச் முன்னாடியே நிறுத்திடணும்.

பாஸ்கர் சித்தப்பா: அடியில ஒரு தடிப் பட்டையை வச்சு ஒட்டிட்டா ஆகாதா?

துரை மாமா: பட்டையும் வேணும் பாஸ்கர். ஆனா சதுரமா வெட்டி நாலு பக்கமும் சுத்திப் பத்தவச்சா, பட்டை முடியுற இடத்துல புதுசா விடும். வேலையை இந்த வரிசையில செய்யச் சொல்லு பிரபு:

மொதல்ல டிராக்டரைக் கழட்டி விட்டுடு. ரெண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை குடு. விரிசலுக்குப் பின்னால, சேசிஸோட முன்பக்கத்துக்கு அடியில ஜாக்கி வச்சு, டிராபார் தொங்கி விரிசல் வாய் மூடுற வரைக்கும் தூக்கி நிறுத்து. வாய் திறந்தபடி பத்தவச்சா கோணல் அப்படியே நின்னுடும்.

அப்புறம் வயர் பிரஷ் போட்டுப் பெயிண்ட் எல்லாம் எடு. விரிசல் கண்ணுக்குத் தெரியுற இடத்தோட முடியாது. டீசலைத் தடவி அஞ்சு நிமிஷம் விட்டு, நல்லாத் துடைச்சிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவு. உள்ள போன டீசல் பொடியில ஊறி கோடு காட்டும். கோடு முடியுற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி 6 மி.மீ. துளை போடு. துளை போடாமப் பத்தவச்சா விரிசல் வெல்டுக்கு அந்தப் பக்கம் கிளம்பிடும்.

செல்வி அத்தை: துளை போட்டா இன்னும் பலம் கொறையாதாண்ணா?

கதிர்: கொறையாது அத்தை. விரிசல் நுனி கூர்மையா இருக்கும், இழுப்பெல்லாம் அந்த நுனியில வந்து குவியும். வட்டத் துளையில அது பரவிடும். பத்தவைக்கிறப்போ துளையும் அடைஞ்சிடும்.

துரை மாமா: கிரைண்டர்ல விரிசல் பூரா 'வி' மாதிரி வெட்டணும், அடியில 2 மி.மீ. இடைவெளி தெரியணும். மொதல் ஓட்டம் 2.5 மி.மீ. வெல்டிங் ராடு, 80 ஆம்பியர் போதும். மேல நிரப்ப 3.15 ராடு, 110லேந்து 120. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கசடை உடைச்சு பிரஷ் போட்டுட்டுத்தான் அடுத்தது. கசடு மேலயே பத்தவச்சா உள்ள பொந்து நிக்கும். முடிஞ்சதும் கீழ்ப்பக்கத்தைச் சமமாத் தேச்சு விடு.

பிரபு: 7018ன்னு நம்பர் போட்ட வெல்டிங் ராடு பாக்கெட் ஒண்ணு பிரிச்சபடி ஷெட்டுல இருக்குங்க மாமா. அதைப் போடலாமா?

கதிர்: பிரிச்சு எத்தனை நாளாச்சோ, ஏற்காட்டுப் பனியில ஈரம் குடிச்சிருக்கும். ஈரத்துலேந்து ஹைட்ரஜன் இறங்கி வெல்டு ஓரத்துலயே விரிசல் விட வைக்கும். ராடு சுடுற அடுப்புல 300 டிகிரிக்கு மேல ஒரு மணி நேரம் காயவச்சா சரி. அது இல்லேன்னா காஞ்ச 6013 ராடு (சாதா வெல்டிங் ராடு) இதைவிட நம்பகம். 7018ன்னா இன்வெர்ட்டர் மெஷின்ல டிசி, ராடு பாசிட்டிவ்ல.

கதிர்: எர்த் கிளாம்ப்பை டிராபார் மேலயே மாட்டச் சொல்லு. சக்கரத்துலயோ அச்சுலயோ மாட்டினா கரண்ட் பேரிங் வழியாப் போகும், ரோலர்ல புள்ளி புள்ளியாக் குழி விழும். அடுத்த மாசம் பேரிங் கத்துதுன்னு வேற படம் போடுவ 😄

துரை மாமா: இப்போ பட்டை. 6 மி.மீ. தகடு, 30 செ.மீ. நீளம், ரெண்டு முனையும் வைர வடிவத்துல கூராக்கணும். நீளப் பக்கங்கள்ல மட்டும் வெல்டு, கூர் முனையைச் சுத்திப் போகாதே. ஆனா இது தற்காலிகம்தான். ஒத்தைக் கம்பி டிராபார் ஒரே இடத்துல எல்லா வளைவையும் வாங்குது. நிலையா நிக்கணும்னா ரெண்டு பக்கமும் கை குடுத்து 'ஏ' மாதிரி ஆக்கிடு. 75க்கு 40 சேனல், ஆறடியில ரெண்டு. மீட்டருக்கு 7 கிலோ சொச்சம், மொத்தம் 26 கிலோ வரும். ஹிட்ச் பின் கிட்ட ஆரம்பிச்சு, மொதல் குறுக்குக்கட்டைக்கு அடியில நுழைஞ்சு ரெண்டாவது வரைக்கும் போகணும். மொதல் கட்டையோட நிறுத்தினா விரிசல் அங்க இடம் மாறும், அவ்வளவுதான்.

பாஸ்கர் சித்தப்பா: காப்பிப் பழச்சாறு தரையெல்லாம் அரிக்குது. நம்ம சேலத்துலயே ஸ்டெயின்லெஸ் செய்யுறான், தரைக்கு அதையே போட்டா என்ன?

துரை மாமா: சேலம் ஸ்டீல் பிளான்ட் தகடு நல்ல தகடுதான், ஆனா இந்த டிரைலருக்கு வீண் செலவு. மைல்ட் ஸ்டீலோட (சாதா இரும்பு) சேர்த்துப் பத்தவைக்க 309ங்கிற ஸ்டெயின்லெஸ் ராடு வேணும். ஈரம் நின்னா ரெண்டும் தொடுற இடத்துல மைல்ட் ஸ்டீல்தான் சீக்கிரம் அரிக்கும். 3 மி.மீ. செக்கர் பிளேட்டே (மேல சொரசொரப்பு வரி போட்ட இரும்புத் தகடு) போதும். எட்டுக்கு நாலு தகடு ஏறக்குறைய 70 கிலோ. நாலு மூலையிலயும் 12 மி.மீ. துளை போட்டுச் சாறு வடிய விடு. யூரியா, பொட்டாஷ் ஏத்தின அன்னைக்கே தண்ணி அடிச்சிடணும், அதுதான் பழச்சாறைவிட மோசம். ரெட் ஆக்சைடு மட்டும் அடிச்சு விட்டுடாதே, அது தண்ணியை உள்ள விடும், மேல எனாமல் ரெண்டு கோட் வேணும்.

செல்வி அத்தை: சில்வர் ஓக் பலகை நம்மகிட்டயே இருக்கேண்ணா, தரைக்கு?

துரை மாமா: வேண்டாம்மா, மழையில உளுத்துடும், கரையானும் விடாது.

காலை 7:35

கதிர்: மச்சான், ஒண்ணு கேக்கணும். மூட்டையை எங்க அடுக்குறீங்க? அச்சு எங்க இருக்குன்னு டேப் வச்சு அளந்து சொல்லு.

பிரபு: படுக்கை 8 அடி. முன் விளிம்புலேந்து அச்சு நடு 4 அடி 3 அங்குலம். முன் விளிம்புலேந்து ஹிட்ச் பின் 4 அடி முன்னால. மூட்டை பின் கதவு வழியா ஏத்துறதால பின்னாடியே நிறைஞ்சிடும்.

கதிர்: அதான் பாதி வினை. காலி டிரைலர் 350 கிலோ, 50 கிலோ மூட்டை 20, ஆக 1350ன்னு வை. ஹிட்ச் மேல அதுல 10லேந்து 15 சதவீதம் உக்காரணும், அதாவது 135லேந்து 200 கிலோ. உன் அச்சு இருக்கிற இடத்துக்கு மூட்டையைச் சமமாப் பரப்பினாலும் 55 கிலோ சொச்சம்தான் வரும். பின்னாடி குவிச்சா மூக்கு மேல தூக்கும். பள்ளத்துல விழுந்தா கீழ அடிக்கும், ஏறினா மேல இழுக்கும். இரும்பை மாத்தி மாத்தி வளைக்கிற மாதிரி. வேகம் எடுத்தா வாலும் ஆடும்.

துரை மாமா: ஸ்பிரிங் பிராக்கெட்டை 7 அங்குலம் பின்னால தள்ளி அச்சை 4 அடி 10 அங்குலத்துக்குக் கொண்டு போ. அப்போ சமமா அடுக்கினா 140 கிலோ கிட்ட வரும். சரிபார்க்க, காப்பி மூட்டை போடுற தராசு மேல கட்டை வச்சு, டிரைலர் மட்டமா நிக்கிற உயரத்துல டிராபாரை உக்கார வச்சுப் படி. தள்ளினப்புறம் ஹிட்ச் பின் நடுவுலேந்து அச்சோட ரெண்டு முனைக்கும் டேப் பிடி, 3 மி.மீ.க்கு மேல வித்தியாசம் இருந்தா டிரைலர் நண்டு மாதிரி கோணலா வரும், டயர் ஒரு பக்கம் தேயும். யு போல்ட்டை மொதல் லோடு இறக்கினதும் இன்னொரு தரம் முறுக்கு.

பிரபு: அச்சுல புதுசா பேடு பத்தவைக்கணுங்களா?

துரை மாமா: அச்சு அடிப்பக்கத்துல எதையும் பத்தவைக்காதே, அங்கதான் இழுப்பு. கமான் பட்டையிலயும் (ஸ்பிரிங் பட்டை) நெருப்பு படக்கூடாது. சூடு பட்ட பட்டை பதம் போயி உடையும்.

கதிர்: சக்கரம் கழட்டினதும் பேரிங்கையும் பாரு. ரோலர் நீலமா இருந்தா சூடானது, கப்பும் கோனும் (பேரிங்கோட வெளி வளையமும் உள் பாகமும்) சேர்த்து மாத்து. ஏபி3ங்கிற பேரிங் கிரீஸை உள்ளங்கையில வச்சு ரோலர் நடுவுல ஏறுற மாதிரி அழுத்து. சக்கரத்தைச் சுத்திக்கிட்டே நட்டை இறுக்கு, பிடிச்சதும் கால் சுத்து தளர்த்தி, கையால முறுக்கி ஸ்பிளிட் பின் போடு. பழைய பின்னைத் திருப்பிப் போடாதே.

செல்வி அத்தை: வேலை முடிஞ்சா இதுலயே சேலத்துக்கு மூட்டை இறக்கிடலாமா? வாடகை வண்டிக்கு ரொம்பக் கேக்குறாங்க.

துரை மாமா: வேண்டாம்மா. பொது ரோட்டுல டிரைலருக்குத் தனிப் பதிவு வேணும், 1988 மோட்டார் வாகனச் சட்டம் 39ஆவது பிரிவு. நாமளா செஞ்சதுக்கு ஆர்டிஓ ஆபீஸ்ல கேக்காம ரோட்டுல ஏத்தாதே. அதைவிட, இதுல பிரேக் கிடையாது. 15 அடிக்கு ஒரு அடி இறக்கம்னா 1350 கிலோ டிரைலர் 90 கிலோ பலத்துல டிராக்டரைப் பின்னாலேந்து தள்ளிக்கிட்டே வரும். 20 கொண்டை ஊசி வளைவுலயும் அப்படித் தள்ளினா டிராக்டர் மடங்கிடும். தோட்டத்துக்குள்ள ரோட்டோரம் வரைக்கும் இதுல வரட்டும், மிச்சம் பிக்கப்புல போகட்டும்.

கதிர்: தோட்டத்துச் சரிவுலயும் ஏறின கியர்லயே இறங்கணும், நியூட்ரல் கூடாது. ரெண்டு பிரேக் பெடலையும் சேர்க்கிற பூட்டைப் போட்டுடு மச்சான். ஒத்தைப் பெடலை அமுக்கினா ஒரு பக்கம் மட்டும் பிடிச்சுச் சாய்க்கும்.

பாஸ்கர் சித்தப்பா: பின்னாடி லைட்டு மினுக் மினுக்குன்னு எரியுதே, அது எதனால?

கதிர்: ஹிட்ச் பின் வழியா எர்த் வருது மாமா. அங்க துருவும் கிரீஸும்தான். பிளக்குலேந்து சேசிஸுக்குத் தனியா ஒரு எர்த் வயர் இழுத்துட்டா சரியாயிடும். பின்னாடி சிவப்பு, பக்கவாட்டுல மஞ்சள் ரிஃப்ளெக்டர் டேப்பும் ஒட்டிடுங்க.

பிரபு: சரிங்க மாமா. சேனலுக்கும் 6013க்கும் நாளைக்குக் கீழ வர்றேன். சாக்பீஸ் பொடி போட்டுட்டு விரிசல் எவ்வளவு தூரம்னு படம் அனுப்புறேன்.

துரை மாமா: துளை போடுறதுக்கு முன்னாடி அனுப்பு.