காது சவ்வு ஆபரேஷன்: எண்டோஸ்கோப்பா, மைக்ரோஸ்கோப்பா?

மதுரைக்காரன்:
தங்கைக்கு 24 வயது. சின்ன வயதிலிருந்தே சளி பிடித்தால் இடது காதில் சீழ் வடியும். இப்போது கொஞ்ச நாளாகக் காது காய்ந்திருக்கிறது, சவ்வில் உள்ள ஓட்டையை அடைத்துவிடலாம் என்கிறார்கள். ஒரு டாக்டர் காதுக்குப் பின்னால் கீறி மைக்ரோஸ்கோப்பில் செய்கிறேன் என்கிறார். இன்னொருவர் எண்டோஸ்கோப்பைக் காதுத் துவாரம் வழியாகவே விட்டு முடித்துவிடலாம், தழும்பே இருக்காது என்கிறார். தை மாதம் கல்யாணம் என்பதால் அம்மா இரண்டாவதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். எது நல்லது?

தியேட்டர் நர்ஸ்:
தம்பி, இரண்டையும் பக்கத்தில் நின்று பார்ப்பவள் என்பதால் சொல்கிறேன். மைக்ரோஸ்கோப் நேர்கோட்டில்தான் பார்க்கும். துவாரம் குறுகியோ வளைந்தோ இருந்தால் சவ்வின் முன் ஓரம் தெரியாது, அதனால்தான் பின்னால் கீறி காதை முன்பக்கம் மடித்துச் செய்கிறார்கள். எண்டோஸ்கோப் 3 அல்லது 4 மி.மீ. தடிமன்தான், லென்ஸ் நுனியிலேயே இருப்பதால் மூலைமுடுக்கெல்லாம் தெரியும். ஆனால் ஒரு கை ஸ்கோப்பைப் பிடித்தே ஆகவேண்டும், ஆக மொத்த வேலையும் ஒரே கையில்! ரத்தம் கசிந்தால் அட்ரினலின் நனைத்த பஞ்சை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். நுனி சூடாகும், பனி படியும், அடிக்கடி வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். பழகிய கையாக இருந்தால் அழகாக முடிப்பார்கள். ஓட்டை மூடும் வாய்ப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், எண்டோஸ்கோப்பில் வலி குறைவு.

தழும்பே இருக்காது என்பது பாதி உண்மை. ஒட்டுப்போடத் திசு வேண்டுமே. காதுக்கு மேலே முடிக்குள் தசையை மூடியிருக்கும் படலத்தையோ, காது வாசலில் துருத்தி நிற்கிற குருத்தெலும்பையோ எடுப்பார்கள். சின்னக் கீறல்தான், மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படாது.

குமரன்_சேலம்:
முதலில் ஓட்டை எங்கே என்று கேளுங்கள் சகோ. நடுவில் என்றால் பெரிய கவலையில்லை. ஓட்டை மேல் ஓரத்தில் இருந்தால், கூடவே சீழும் நாற்றமடித்தால் கொலஸ்டியடோமாவாக (நடுக்காதுக்குள் தோல் வளர்ந்து திரள்வது) இருக்கலாம், அது எலும்பையே அரிக்கும். காதுக்குப் பின்னால் இருக்கிற மாஸ்டாய்டு எலும்புக்குள் போயிருந்தால் ட்ரில் போட இரண்டு கையும் வேண்டும், அங்கே மைக்ரோஸ்கோப்தான் ராஜா. அப்புறம் மிச்சம் மீதி ஒளிந்திருக்கிறதா என்று எண்டோஸ்கோப் விட்டுப் பார்ப்பவர்களும் உண்டு.

மதுரைக்காரன்:
நடுவில்தான், நாற்றமும் இல்லை. கல்யாணத்துக்கு எவ்வளவு முன்னால் செய்யவேண்டும்?

தியேட்டர் நர்ஸ்:
ஒட்டு நன்றாகப் பிடிக்க 6 வாரம் முதல் 3 மாதம் வரை ஆகும், அதற்குத் தகுந்தபடி நாள் குறியுங்கள். அதுவரை மூக்கை அழுத்திச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மவேண்டும், குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சு வைக்கவேண்டும். விமானத்தில் போவதாக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள். வீட்டில் எண்ணெய் காய்ச்சிக் காதில் விடுகிற பாட்டி யாராவது இருந்தால் எட்டவே நிறுத்துங்கள். அப்புறம் டாக்டரிடம் கூச்சப்படாமல், இதுவரை எண்டோஸ்கோப்பில் எத்தனை காது செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள், அம்மாவையும் கூடவே அழைத்துப் போங்கள்.