பையன் விளையாட்டில் வைரம் வாங்குவதை நிறுத்துவது எப்படி?

கேள்வி (மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அம்மா):
10 வயதுப் பையன் என் ஆண்ட்ராய்டு கைபேசியில்தான் விளையாடுகிறான். வைரம் (விளையாட்டுக்குள் செலவழிக்கும் நாணயம்) வாங்கி வாங்கி, இ-வாலட்டில் 5 வெள்ளி, 10 வெள்ளி என்று கழிந்துகொண்டே இருக்கிறது. ஃபேமிலி லிங்க் (பெற்றோர் கட்டுப்பாட்டுக்கான கூகள் செயலி) போட்டும் நிற்கவில்லை. வேறு வழி உண்டா?

பதில் 1:
அக்கா, ஃபேமிலி லிங்க் பிள்ளையின் கணக்கை மட்டும்தான் பார்க்கும். உங்கள் கணக்கில் விளையாடினால் அதற்கு வேலையே இல்லை. பிளே ஸ்டோரில் மேலே உங்கள் படத்தைத் தொட்டு, அமைப்புகளுக்குள் போய், வாங்கும்போது சரிபார்ப்பதை 'எப்போதும்' என்று வையுங்கள். 30 நிமிடம் என்று விட்டால், நீங்கள் ஒருமுறை கடவுச்சொல் போட்டதும் அடுத்த அரை மணி நேரம் அவன் கேட்காமலே வாங்கலாம். அவன் விரல்ரேகை கைபேசியில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அழித்துவிடுங்கள், அழிக்காவிட்டால் இந்தப் பூட்டெல்லாம் வீண்.

பதில் 2:
அதோடு 'பணம் செலுத்தும் முறைகள்' பகுதியில் வாலட்டையே நீக்குங்கள். ப்ரீபெய்டு சிம்மில் போட்ட காசிலும் வாங்க முடியும், பலர் இதைக் கவனிப்பதில்லை. வெளி டாப்-அப் தளங்களில் வாங்கினால் கூகள் தடுக்காது. அங்கே வாலட்டின் ரகசிய எண்தான் (PIN) காவல். இன்றே மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. போன பணம் திரும்புமா?

பதில் 1:
வாங்கி 48 மணி நேரம் ஆகவில்லை என்றால், உடனே கூகள் பிளே இணையத்தளத்தில் ஆர்டர் வரலாற்றைத் திறந்து பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பிள்ளை தெரியாமல் வாங்கியதைக் காரணமாகக் குறிப்பிடுங்கள். அதைத் தாண்டியவற்றுக்கு விளையாட்டை உருவாக்கியவர்களுக்குத்தான் எழுத வேண்டும், அக்கா.