வல்லாரை கொடுத்த சுண்டெலி முதல் நாளே வேகம்: இதை நினைவாற்றல் என்று எழுதலாமா?

மருந்தியல்_மாணவி:
ஸ்விஸ் அல்பினோ சுண்டெலி. வல்லாரை எத்தனால் எக்ஸ்ட்ராக்ட் 100, 200, 400 மி.கி./கிலோ, வாய்வழியாக 14 நாள். கடைசி டோஸுக்கு 45 நிமிடம் கழித்து ஸ்கோபோலமைன் (நினைவைக் குலைக்கும் மருந்து) 0.4 மி.கி./கிலோ, அதற்குப் பிறகு 45 நிமிடத்தில் எலிவேட்டட் பிளஸ் மேஸ் (உயரத்தில் வைத்த கூட்டல்குறி வடிவப் பாதை; இரண்டு கை திறந்தவை, இரண்டு கை சுவர் கொண்டு மூடியவை). 400 குரூப்பில் டிரான்ஸ்ஃபர் லேட்டன்சி (திறந்த கையிலிருந்து மூடிய கைக்குள் போக எடுக்கும் நேரம்) முதல் நாளே குறைவு, மறுநாளும் குறைவு. நினைவாற்றல் கூடியது என்று எழுதலாமா?

பிளஸ்மேஸ்:
எழுதாதீங்க. முதல் நாள் அந்தச் சுண்டெலிக்கு நினைவில் வைக்க எதுவுமே கிடையாது. அன்றைக்கே சட்டென்று மூடிய கைக்குள் புகுந்தால் ஓட்டமோ பயமோ கூடியிருக்கலாம். ஆக்டோபோட்டோமீட்டரில் (ஒளிக்கற்றையால் ஓட்டத்தை எண்ணும் கருவி) 10 நிமிடம் பாருங்க. ஸ்கோபோலமைனே ஓட்டத்தைக் கூட்டும் என்பதால் எக்ஸ்ட்ராக்ட் மட்டும் கொடுத்த குரூப்பும் வேண்டும். ஒவ்வொரு சுண்டெலிக்கும் லேட்டன்சியை வைத்து (முதல் நாள் − மறுநாள்) ÷ மறுநாள் கணக்குப் போடுங்க.

திறந்த கையின் நுனியில், நடுப்பகுதிக்கு முதுகு காட்டி வைக்கணும். நான்கு காலும் உள்ளே போன பிறகே வாட்சை நிறுத்தணும். 90 வினாடியில் போகாவிட்டால் மெல்லத் தள்ளிவிட்டு, உள்ளே 10 வினாடி விடுங்க. அடுத்ததை வைக்கும்முன் ஆல்கஹாலால் துடைத்து, வாடை போகக் காயவிடுங்க.

மருந்தியல்_மாணவி:
ஓட்டம் பார்க்கவில்லை சார். துறையில் மோரிஸ் தண்ணீர்த் தொட்டி (தண்ணீருக்கடியில் மறைந்த மேடையைச் சுண்டெலி நினைவில் வைத்து நீந்திக் கண்டுபிடிக்கும் சோதனை) இருக்கு, அதையும் சேர்க்கலாமா?

தொட்டிக்காரர்:
தாராளமா. ஆனால் நெறிமுறைக் குழுவிடம் திருத்தத்துக்கு அனுமதி வாங்கிய பிறகுதான். அல்பினோவுக்குப் பார்வை மோசம். முதலில் மேடையைத் தண்ணீருக்கு மேல் தெரியும்படி வைத்து, நேராக நீந்தி வருகிறதா என்று சோதியுங்க. மேடையை மறைக்கப் பால்பவுடர் கலக்காதீங்க, வெள்ளைத் தண்ணீரில் வெள்ளைச் சுண்டெலியைக் கேமரா தவறவிடும். நச்சில்லாத கறுப்புச் சாயம் நல்லது. தண்ணீர் 22–25 டிகிரி. நாளுக்கு 4 முறை, 4 நாள் பயிற்சி. ஐந்தாம் நாள் மேடையை எடுத்துவிட்டு 60 வினாடி. தொட்டியை நான்காகப் பிரித்து, மேடை இருந்த ஒரு பகுதியில் சுமார் 15 வினாடிதான் என்றால் அது வெறும் தற்செயல். நீந்தும் வேகத்தையும் குறித்து வையுங்க.

வேர்_இலை:
எல்லோரும் விட்டது செடியை. கடையில் "பிராமி" என்று வாங்கினீங்களா? அந்தப் பெயரில் வல்லாரையும் நீர்ப்பிரமியும் இரண்டுமே வரும். தாவரவியலாளரிடம் அடையாளம் உறுதிசெய்து மாதிரியைப் பத்திரப்படுத்துங்க. ஹெச்.பி.எல்.சி.யில் (வேதிப்பொருள்களைப் பிரித்து அளக்கும் முறை) அடையாளப் பொருள்: வல்லாரைக்கு ஏசியாட்டிகோசைடு, நீர்ப்பிரமிக்கு பேகோசைடு.

டோஸும் கவனம். 25 கிராம் சுண்டெலிக்கு 400 மி.கி./கிலோ என்றால் 10 மி.கி.; 0.25 மி.லி.யில் கொடுக்க மி.லி.க்கு 40 மி.கி. கலவை. 0.5% சி.எம்.சி.யில் (மருந்தைக் கலக்கும் கொழகொழப்பான திரவம்) இது அடியில் படியும். ஒவ்வொரு முறை ஊசியில் உறிஞ்சும்முன் குலுக்காவிட்டால் ஒரே கூண்டில் ஒன்றுக்கு ஒரு டோஸ், இன்னொன்றுக்கு வேறு டோஸ். கன்ட்ரோலுக்கும் அதே சி.எம்.சி., அதே அளவு. வாட்ச் பிடிப்பவருக்கு எந்தக் கூண்டு எந்தக் குரூப் என்று தெரியவே கூடாது.