துப்பாக்கிச் சூட்டு மரணம்: உடனிருந்தவர்கள் சாட்சிகளா, சந்தேகத்துக்குரியவர்களா?

கேள்வி:
ஓர் அறையில் நால்வர் இருந்தபோது துப்பாக்கி வெடித்து ஒருவர் இறந்துவிட்டார். கைதவறி வெடித்தது என்றே மற்ற மூவரும் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர் என் நண்பர். இரத்தம் தோய்ந்த சட்டையோடு அவரைக் காவல்துறையினர் விடியும்வரை உட்காரவைத்து, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். புலனாய்வு இப்படித்தான் நடக்க வேண்டுமா?

பதில் 1:
அந்தச் சட்டை முக்கியமான தடயம். உடனே அதை வாங்கி, உலரவைத்து, காகித உறையிலிட்டு முத்திரையிட்டு, அவருக்கு மாற்றுடை தந்திருக்க வேண்டும். நெகிழி உறையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். துப்பாக்கி வெடிக்கும்போது கைகளில் படியும் ஈயம், பேரியம், ஆன்டிமனி ஆகிய உலோகங்கள் கலந்த நுண்துகள்கள் சில மணி நேரத்திலேயே உதிர்ந்துவிடும், கழுவினால் போய்விடும் என்பதால், நீண்ட விசாரணைக்கு முன்பே மூவரின் கைகளிலிருந்தும் மாதிரி எடுத்திருக்க வேண்டும். எப்போது எடுத்தார்கள் என்று நண்பரிடம் கேளுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் துகள் இருப்பதாலேயே ஒருவர் சுட்டார் என்று ஆகிவிடாது. அருகில் நின்றவர் கையிலும், விழுந்தவரைத் தாங்கிப் பிடித்தவர் கையிலும் அது படியும். உதவ ஓடியவரே குற்றவாளியாகத் தெரியும் கொடுமை இங்கேதான் நேர்கிறது. எனவே காயத்தைச் சுற்றிய புகைக்கரி, தோலில் வெடிமருந்து தெறித்த புள்ளிகள், குண்டு சென்ற கோணம், வெடித்த தோட்டாவின் வெற்றுக்கூடு கிடந்த இடம் ஆகியவற்றோடு சேர்த்தே அதை எடைபோட வேண்டும். எதையும் நகர்த்துமுன் படம் எடுத்திருந்தால்தான் இவற்றுக்குப் பொருள் உண்டு.

பதில் 3:
மூவரையும் தனித்தனியே வைப்பது நியாயமே. ஒருவர் பேச்சு மற்றவர் நினைவைக் கலைத்துவிடும். ஆனால் எதற்காகப் பிரிக்கிறோம் என்று சொல்லி, தண்ணீரும் ஓய்வும் தந்து, "பார்த்ததை முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று பேசவிட வேண்டும். வற்புறுத்தலின்றி விசாரிப்பதையே 2021இல் பன்னாட்டு வல்லுநர்கள் வெளியிட்ட விசாரணை வழிகாட்டுதலான மெண்டெஸ் நெறிகளும் வலியுறுத்துகின்றன. தூக்கமின்றிச் சொன்ன வாக்குமூலத்தை நான் நம்பமாட்டேன். சந்தேகம் ஒருவர்மீது திரும்பினால், அதை அவரிடம் சொல்லி, வழக்கறிஞரை அழைக்கவும் பேசாதிருக்கவும் உள்ள உரிமைகளை அப்போதே தெரிவிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நண்பரிடம் கேட்டேன். விழுந்தவரைத் தாங்கிப் பிடித்தது அவர்தான். காலையில் அவர் கைகழுவிய பிறகே மாதிரி எடுத்திருக்கிறார்கள். அந்த நேரத்தை எழுத்தில் பதியச் சொல்லி வழக்கறிஞர் வழியாக மனு கொடுக்கிறோம்.