இந்த டெலாஹேவுக்கு பாடி கட்டியவர் யார்?

நண்பர்களே, பாரிஸின் பழம்பொருள் சந்தையில் வாங்கிய ஒரு புகைப்படம் என்னைத் தூங்கவிடவில்லை. அதிலிருக்கும் கார், பிரெஞ்சு கார் நிறுவனமான டெலாஹேயின் 135 என்றே நினைக்கிறேன். 1935இல் வந்த வரிசை. டெலாஹே சேஸிஸையும் (காரின் அடிச்சட்டம்) ஆறு சிலிண்டர் எஞ்சினையும் தந்தது. பாடி கட்டியவை தனிப் பட்டறைகள். அதனால்தான் இவற்றை அடையாளம் காண்பது இத்தனை கடினம்.

முன்சக்கரங்களையும் மூடி, நீர்த்துளிபோல் வழியும் மட்கார்டுகள், எப்பேர்ப்பட்ட அழகு! ஃபிகோனி எ ஃபலாஷி பட்டறையின் கைவண்ணமோ எனத் தோன்றுகிறது. ஆனால் பின்பகுதியின் அடக்கம் ஆன்றி ஷப்ரோன் பட்டறையை நினைவூட்டுகிறது. எது சரி?

எண் பலகையில் 'ஆர்எல்' எழுத்துகள் தெரிகின்றன: 1950க்கு முந்தைய பாரிஸ் பதிவு. அக்காலப் பதிவேடுகளில் தேடிய அனுபவம் யாருக்காவது உண்டா? சேஸிஸ் எண் இல்லாமலே முதல் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியுமா? படத்தை இணைத்திருக்கிறேன். சிறு துப்பு கிடைத்தாலும் எழுதுங்கள்.